இடது காதைப் பார்க்கவும்

அப்பா இறந்த நான்காம் நாள் காலை அப்பாவின் போன் அடித்தது. மகள்தான் அதைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தாள். எதற்கு என்று தம்பி கேட்டபோது சார்ஜர் வயரை இன்னொரு தடவை அழுத்திச் செருகினாள். மூன்று நாளாக அவள் ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்காரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி விரித்தாள், போனவர்களின் நாற்காலியை மடக்கினாள், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"உக்காருடி. நீ நடக்கிற நடையில தரை தேஞ்சு கீழ்வீட்டுக்காரங்க தலை தெரியப்போகுது" என்றாள் அம்மா.

போன் திரையில் 'மேட்டுப் பண்ணை' என்றிருந்தது. அப்பா மாரடைப்பில் விழுந்த இடம். எடுத்தாள்.

"கண்டக்டர் வீடுதானே?" என்றது குரல். பிறகு, தான் கேட்டது தனக்கே உறைத்ததுபோல ஒரு இருமல். "மகளா பேசறது? நான்தாம்மா. இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எனக்கு வேற வழி தெரியல."

"சொல்லுங்க மாமா."

"மொத்தம் இருநூத்துப் பன்னெண்டு ஆடு. நேத்து ஒவ்வொண்ணா புடிச்சுப் பாத்தேன். நூத்தி முப்பத்தொண்ணுக்குத்தான் காதுல ஓட்டை இருக்கு. எண்பத்தொண்ணுக்கு இல்ல. எல்லாம் சினை. குளிகை போட்டாரா, போடலையா, ஒண்ணும் புரியல. ஆட்டு டாக்டரைக் கேட்டேன். போட்டதான்னே தெரியாம நான் என்னத்தச் சொல்றதுங்கிறார்."

"இப்பவே வரேன்" என்றாள் அவள். எங்காவது போக வேண்டும் என்று உடம்பு ஏற்கெனவே காத்திருந்தது.

அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். பிறகு பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெஷினை வைத்தார்கள். அது டிக்கெட் கொடுத்தது. அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பை, விசில், தொப்பி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். டிக்கெட்டில் ஓட்டை போடும் 'பஞ்ச்' கருவியை மட்டும் தொலைத்துவிட்டதாக எழுதிக்கொடுத்தார். அது அவர் கால்சட்டைப் பையில் இருந்தது. அரைநிலா வடிவத்தில் ஓட்டை போடும். அந்த வடிவம் அந்தக் கம்பெனியில் அவருக்கு மட்டும்.

அதற்குப் பிறகு செம்மறி ஆட்டுப் பண்ணைகளுக்குத் தாது உப்புக் கட்டி விற்றார். உப்புக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் ஆடு நக்கிக்கொள்ளும், உடம்புக்கு வேண்டிய செம்பும் கோபால்ட்டும் செலினியமும் சேரும் என்பது கணக்கு. அப்பா பண்ணை வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். மூன்றே நாளில் அந்தக் கணக்கின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

"முன்னாடி நிக்கிற நாலு ஆடுதான் நக்குது. காலையில ஏறி ஜன்னல் சீட்டைப் புடிச்சுட்டு ராத்திரி வரைக்கும் எறங்காத ஆளுங்க மாதிரி. கூச்சப்படுற ஆடு படிக்கட்டுலயே தொங்குது" என்று வீட்டில் வந்து சொன்னார்.

ஆகவே குளிகைக்கு மாறினார். விரல் நீளத்தில் கண்ணாடிக் குளிகை. ஆட்டின் தொண்டை வழியாக இறக்கினால் இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்கும். அங்கிருந்து ஆறு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேண்டியதைக் கொடுக்கும். முண்டியடிக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு டிக்கெட். அது அப்பாவுக்குப் பிடித்தது. குளிகையைத் தொண்டைக்குள் தள்ள நீளக் குழாய் வைத்த துப்பாக்கி ஒன்றை வாங்கினார். நாற்பது பண்ணைகளுக்கு அலைந்தார். இருபக்கமும் கம்பி கட்டிய ஒடுக்கமான சந்தில் பத்துப் பத்தாக ஆட்டை அடைப்பார். அதற்கு 'பஸ்' என்று பெயர். இடது பக்கம் நின்று, இடது கையால் தாடையை ஏந்தி, வலது கையால் துப்பாக்கியை நாக்கின் மேட்டைத் தாண்டி விட்டு அழுத்துவார். வாயை மூடிப் பிடித்து இருபது எண்ணுவார். கழுத்தில் அது இறங்குவதைக் கண்ணால் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பஞ்சை எடுத்து, பருவத்துக்குப் பருவம் இரண்டு காதிலும் புதிதாக மாட்டும் பிளாஸ்டிக் எண் வில்லைகளில், இடது காது வில்லையில் அரைநிலா போடுவார். "ரைட்! உள்ள போ, உள்ள போ!" என்று முதுகில் ஒரு தட்டு.

மற்றவர்கள் சாயம் பூசினார்கள். மழை பெய்தால் சாயம் போய்விடும் என்பார் அப்பா. கம்பளியை வெட்டி அடையாளம் வைத்தால் வளர்ந்துவிடும். ஓட்டை வளராது.

மகள் படித்தது வேதியியல். கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை. எட்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அப்பா அங்கே வந்து, அம்மாவின் மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்தார். மேல் தட்டில் புல். நடுத்தட்டில் மண். கீழ்த் தட்டில், செத்துப் பிறந்த குட்டியின் ஈரல். மேட்டுப் பண்ணையில் அந்த வருடம் பிறந்த குட்டிகளில் பாதி, பின்காலை இழுத்துக்கொண்டு நாய்க்குட்டிபோல உட்கார்ந்திருந்தன.

அவள் சோதித்துப் பார்த்தாள். புல்லில் செம்பு போதுமான அளவு இருந்தது. ஈரலில் ஏறக்குறைய இல்லை. அந்தப் பண்ணையின் கீழ்ப் புல்வெளிப் புல்லில் மாலிப்டினம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருந்தது.

"செம்பு உள்ள போகுதுப்பா. ஆனா வயித்துக்குள்ளயே இது அதைப் புடிச்சு வெச்சுக்குது. ரத்தத்துக்கு விடறதில்ல."

"சீட்டு இருக்கு. ஒருத்தன் கைக்குட்டை போட்டு வெச்சிருக்கான். அவ்வளவுதானே?"

அவள் மூன்று பக்கத்தில் எழுதிய அறிக்கை அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. அன்று மாலை வீட்டில் நடந்தது வேறு கதை. அம்மா அந்த டப்பாவைக் கையால் தொட மறுத்தாள். "என் சோத்து டப்பாவுல ஈரலா? நாளைக்கு இதுல சாப்பாடு கட்டித் தருவேன்னு கனவுல கூட நெனைக்காதீங்க ரெண்டு பேரும்." டப்பா அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்துச் சொத்தானது.

அப்பாவும் மகளும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று உண்டு. எந்த வில்லை எண்ணுக்கு எந்தத் தேதியில் போட்டோம் என்று எழுதி வையுங்கள் என்று அவள் வருடக்கணக்காகச் சொன்னாள்.

"எழுதாததை யாரும் நம்ப மாட்டாங்கப்பா."

"டிக்கெட்டுல ஓட்டை போட்டாச்சு. அதுக்கு மேல எந்தச் செக்கிங் வந்தா எனக்கென்ன?"

கடைசியில் ஒரு சமரசம். அவளே ஒரு அட்டை அச்சடித்து நாற்பது பண்ணைகளுக்கும் கொடுத்தாள். 'இடது காதைப் பார்க்கவும். அரைநிலா இருந்தால் குளிகை கொடுக்கப்பட்டது. இல்லையேல் கொடுக்கப்படவில்லை.' அப்பா அதைப் படித்துவிட்டு, "அரசாங்க உத்தரவு மாதிரி இருக்கு, முத்திரை மட்டும்தான் பாக்கி" என்றார். ஆனால் ஒரு அட்டையைத் தன் வேனின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்.

அந்த வேனைத்தான் அவள் இப்போது ஓட்டினாள். இருக்கை அப்பாவின் உயரத்துக்கு இருந்தது. பிரேக்கை எட்ட இடுப்பை முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. இருக்கையை அவள் சரிசெய்யவில்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை. அதில் துப்பாக்கியும் பஞ்சும். ஒரு புதுக் குளிகைப் பெட்டியும் எடுத்துக்கொண்டாள். பையிலேயே அப்பாவின் போன்.

போனை அவள் இந்த மூன்று நாளில் எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அதில் அவள் பெயர் 'லேப் மேடம்'. அந்த நாள், பகல் பதினொன்று நாற்பது, லேப் மேடத்துக்கு ஒரு அழைப்பு. எடுக்கப்படவில்லை. அடியில் அவள் அனுப்பிய செய்தி: 'மெஷின்ல இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன்.' அப்புறம் கூப்பிட்டபோது பண்ணைக்காரர் எடுத்தார்.

எதற்குக் கூப்பிட்டிருப்பார்? ஒன்றுமில்லாததற்கும் கூப்பிடுவார். மழை வருமா என்று கேட்பார். அவளுக்குத் தெரிந்த வழியெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றி வந்து அங்கேயே நின்றது.

பண்ணைக்காரர் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கட்டை குட்டையான மனிதர். எப்போதும் பேச்சில் யாரையாவது வாருவார். இன்று அவள் முகத்தைப் பார்க்காமல் வேனின் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் இருந்திருக்கணும்மா. மோட்டார் ரிப்பேருன்னு காலையிலேயே டவுனுக்குப் போயிட்டேன். 'நீங்க இருந்தா ஆட்டுக்கு அறிவுரை சொல்லுவீங்க, வேலை நடக்காது, போங்க'ன்னு அவர்தான் துரத்தினார். பன்னெண்டரைக்கு வந்தா கம்பியில சாஞ்சு உக்காந்திருக்கார். கையில அந்தப் பஞ்ச். கதவு தெறந்து கெடக்கு, ஆடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சு."

"பெட்டியில எத்தனை குளிகை மிச்சம்னு பாத்தீங்களா?"

"எங்க? பெட்டி கவுந்து கெடந்துச்சு. ஆடு மிதிச்சு எல்லாம் கண்ணாடித் தூள். அள்ளிக் குழியில போட்டேன்." அவர் வாசல் கதவைச் சாத்தினார். "வண்டியில ஏத்தறப்போ கண்ணைத் தெறந்தார். 'இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, முடிச்சிடறேன்'னார். எண்பத்தொண்ணு அவருக்குக் கொஞ்சம்! அந்த நெலமையிலயும் மனுசன் வேலையையே நெனைச்சுக்கிட்டு..."

அவள் தலையசைத்தாள். நினைவு தப்பிய நேரத்துப் பேச்சு என்று தோன்றியது.

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியாதாம்மா? உன் லேப் இருக்கே."

"ரத்தத்துல தெரியாது மாமா. ஈரல்லதான் சேரும். எண்பத்தொரு ஈரலை எடுத்துப் பாக்கணும்."

"அப்ப வேணாம்" என்றார் அவர் அவசரமாக.

இரண்டு பக்கமும் பள்ளம். குளிகை கிடைக்காத ஆட்டின் வயிற்றில் குட்டிக்கு முதுகுத்தண்டு நரம்பின் உறை சரியாக வளராது. அது வளர்வது இப்போதுதான், சினையின் கடைசி மாதங்களில். பிறந்த பிறகு எந்த மருந்தும் அந்தப் பின்கால்களை நிமிர்த்தாது. சரி, சந்தேகத்துக்கு இன்னொன்று போட்டுவிடலாம் என்றால், செம்மறிக்குச் செம்பைப் போல நஞ்சு கிடையாது. கூடுதல் செம்பு ஈரலில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். ஆடு மேயும், அசைபோடும். ஒருநாள் நாய் துரத்தும், அல்லது வண்டியில் ஏற்றுவார்கள். ஈரல் மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், இரண்டு நாளில் முடிந்துவிடும். அவள் மேசைக்கு அப்படிப்பட்ட ஈரல்கள் வந்திருக்கின்றன.

"விழுங்கின பிறகுதான் ஓட்டை. அப்பா அதை மாத்தினதே இல்ல. ஓட்டை இல்லன்னா போடலைன்னு அர்த்தம்" என்றாள். சொல்லும்போதே கொட்டகைக் கதவில் அவளுடைய அட்டை தெரிந்தது. ஓரம் சுருண்டிருந்தது. 'இல்லையேல் கொடுக்கப்படவில்லை.'

"அப்போ?"

"எண்பத்தொண்ணுக்கும் போடுவோம்."

பண்ணைக்காரர் அந்த எண்பத்தொரு ஆட்டையும் தனியே பிரித்து வைத்திருந்தார். முதல் பத்தைச் சந்தில் அடைத்தார். விடுமுறை நாட்களில் அப்பாவோடு வந்து அவளும் பத்து இருபது போட்டிருக்கிறாள். இடது பக்கம் நின்றாள். தாடையை ஏந்தினாள். துப்பாக்கி, நாக்கின் மேடு, அழுத்தம். வாயை மூடிப் பிடித்து இருபது எண்ணினாள். கழுத்தில் ஒரு சின்ன அலை இறங்கியது. பஞ்சை எடுத்தாள். அது அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அப்பா ஒரு கையால் அநாயாசமாக அழுத்துவதை அவள் இரண்டு கையால் அழுத்தினாள். அரைநிலா விழுந்தது.

ஆடு தலையை உதறித் திரும்பியது. வலது காதின் வில்லை அவள் கண்ணுக்கு நேராக வந்தது. அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது.

அவள் அந்தக் காதைப் பிடித்தாள். அரைநிலா.

"என்னம்மா?"

அவள் அடுத்த ஆட்டுக்கு நகர்ந்தாள். இரண்டாவது ஆட்டின் வலது காதைப் பார்த்தாள். அரைநிலா. மூன்றாவது. நான்காவது. சந்தின் ஓரமாக ஓடி ஓடிப் பார்த்தாள். பத்திலும் இருந்தது.

"வலது காதுல போட்டிருக்கார்" என்றாள். முதல் ஆட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இதுங்களுக்கெல்லாம் போட்டாச்சு மாமா. நான் இப்ப இதுக்கு ரெண்டாவது போட்டுட்டேன்."

"ஏன் காதை மாத்தணும்? முப்பது வருசமா இடது கையில கடிகாரம் கட்டற ஆளு, ஒருநாள் வலது கையில கட்டுவாரா?"

அவள் சந்தின் வலது பக்கம் போய் நின்றாள். வலது கையால் ஆட்டின் தாடையை ஏந்திப் பார்த்தாள். பாரமெல்லாம் வலது கைக்கு வந்தது. இடது கைக்குத் துப்பாக்கியைச் சும்மா அழுத்துகிற வேலை மட்டும். பிறகு பஞ்ச் வலது கைக்கு, கைக்குப் பக்கத்தில் வலது காது.

பண்ணைக்காரர் அவளுடைய இடது கையைப் பார்த்தார்.

"இடது கைல வலி..." என்றார்.

"ஆமா."

"அப்போ வலி பன்னெண்டு மணிக்கு வரல?"

"இல்ல."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "பாவி மனுசா" என்றார். "ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். இறந்தவர்மேல் வரக்கூடாத அளவு கோபம். உட்கார்ந்திருக்கலாம். கதவைத் திறந்துவிட்டு நிழலில் படுத்திருக்கலாம். பக்கம் மாறி நின்று, கை மாற்றிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் இருபது எண்ணி, ஓட்டையும் போட்டிருக்கிறார். அடுத்த கோபம் அந்த அட்டைமேல் வந்தது. அதை எழுதியவள் அவள். பண்ணைக்காரர் அதைப் படித்துத்தான் ஒரு காதை மட்டும் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"மிச்சத்தையும் பாக்கணும்" என்றாள்.

பார்த்தார்கள். வெயில் ஏறியது. ஆடுகள் இரைந்தன. அவர் தள்ள, அவள் வலது காதைத் தூக்கி எண்ணை எழுதிக்கொண்டாள், வேனில் கிடந்த பழைய சீட்டின் பின்புறத்தில். எழுபத்துநான்கு ஆடுகளுக்கு அரைநிலா. ஆறுக்கு இரண்டு காதிலும் ஒன்றுமில்லை. அந்த ஆறுதான் 'இன்னும் கொஞ்சம்'. அப்பா நினைவு தப்பிப் பேசவில்லை. பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்று திரும்பிப் பார்க்காமல் சொல்பவர் அவர்.

எழுபத்துநான்கும் ஆறும் எண்பது. ஒன்று பாக்கி.

அது ஒரு கறுமூக்கு ஆடு. வலது வில்லையில் ஓட்டை இல்லை. ஆனால் விரலால் தடவினால் ஒரு வளைவு தட்டுப்பட்டது. பஞ்சின் பல் பதிந்து, துளைக்காமல் நின்றுபோன தழும்பு. நகத்தால் கீறியதுபோல அரைநிலாவின் ஓரம்.

"அப்பா கடைசியாப் புடிச்ச ஆடு இது" என்றாள்.

"கைல பலம் போயிருச்சு" என்றார் அவர் மெதுவாக. "இதுக்குப் போட்டிருப்பாரா? இல்ல பஞ்சை மட்டும் வெச்சுப் பாத்தாரா? பேசாம ஒண்ணு போட்டுடும்மா. ஒரு குளிகைதானே."

அவள் குளிகையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கும் சந்துக்கும் நடந்தாள். திரும்ப நடந்தாள். ஓட்டை இல்லை என்றால் கொடுக்கப்படவில்லை. அவள் எழுதிய விதி அது. அந்த விதிப்படி போட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பாதி பதிந்த அளவை அவள் அளவு என்று ஏற்றதே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய் என்பாள். இங்கே மறுபடி செய்ய முடியாது.

அப்பாவின் விதி வேறு. விழுங்கிய பிறகுதான் பஞ்ச் கைக்கு வரும். பஞ்ச் காதில் பட்டிருந்தால் விழுங்கியாயிற்று. கை மாறியது, காது மாறியது, நின்ற பக்கம் மாறியது. அந்த வரிசையையும் மாற்றியிருப்பாரா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர், ஒரு தடவையாவது, முதலில் ஓட்டையைப் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்க மாட்டாரா?

எழுபத்துநான்கு தடவை மாற்றவில்லை என்று நம்பித்தானே மற்றதையெல்லாம் விடுகிறோம்?

"என்னம்மா, குளிகை கைலயே கரைஞ்சுடும் போல."

"இதுக்கு வேணாம் மாமா. போட்டிருக்கார்."

"உறுதியா?"

"உறுதியெல்லாம் இல்ல" என்றாள். குளிகையைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

மீதி ஆறுக்கும் போட்டாள். இடது பக்கம் நின்று, இடது கையால் ஏந்தி. ஒவ்வொன்றுக்கும் இருபது எண்ணினாள். ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு கை தேவைப்பட்டது. நான்காவது ஆட்டுக்குப் பிறகு பஞ்சைக் கம்பியில் ஊன்றி அழுத்தினாள். "ரைட்" என்று சொல்ல ஆளில்லாமல் ஒவ்வொரு ஆடும் சந்திலேயே நின்றது. பண்ணைக்காரர் பின்னாலிருந்து தட்டி அனுப்பினார்.

பிறகு, அவள் இரண்டாவது குளிகை போட்ட அந்த முதல் ஆடு. அதன் இரண்டு காதிலும் அரைநிலா.

"இதைக் கீழ்ப் புல்வெளியில தனியா மேய விடுங்க."

"அந்தப் புல்லா? அது ஆகாதுன்னு எட்டு வருசமா நீதானே என் உயிரை வாங்கின?"

"மத்ததுக்கெல்லாம் ஆகாது. இதுக்கு அதான் மருந்து. கூடுதல் செம்பை அந்தப் புல் புடிச்சு வெச்சுக்கும். தீவனம் வைக்காதீங்க, ஓட்டாதீங்க, நாயைக் கிட்ட விடாதீங்க. டாக்டர்கிட்ட இன்னிக்கே சொல்லுங்க. நான்தான் தப்பாப் போட்டேன்னு சொல்லுங்க."

"நான் போட்டேன்னு சொல்றேன்."

"வேணாம் மாமா. நான் போட்டேன்."

அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பும்போது சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் அவள் கணக்குப் போட்டாள். நிறுத்த முடியவில்லை. அப்பா ஆறரைக்குத் தொடங்குவார். மணிக்கு நாற்பது ஆடு. நூற்றி முப்பத்தொன்று என்றால் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு. அங்கே கை மாறியது. மீதி எழுபத்தைந்து, ஒரு கையோடு. பன்னிரண்டேகால்வரை. பதினொன்று நாற்பது அந்த எழுபத்தைந்தின் நடுவில் எங்கேயோ வருகிறது. முப்பது ஆடு இருபது ஆடு மிச்சமிருந்தபோது, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்திருக்கிறார். பிறகு போனை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்திருக்கிறார். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது.

வீட்டில் அம்மா கேட்டாள்: "எண்பத்தொண்ணையும் முடிச்சிட்டியா?"

"அப்பாவே முடிச்சுட்டார்மா. ஆறுதான் மிச்சம் இருந்துச்சு."

"அதானே பாத்தேன்" என்றாள் அம்மா, ஏதோ பக்கத்துக் கடைக்குப் போனவரைப் பற்றிப் பேசுவதுபோல. "அரைகுறையா விட்டுட்டு வர்ற ஆளா அவர்?" கொஞ்சம் கழித்து, "கை மரத்துப் போகுதுன்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டிருந்தார்டி. ஒருக்களிச்சுப் படுக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

மகள் அம்மாவின் தோளில் கை வைத்தாள். வலது காதைப் பற்றி அம்மாவிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அந்த வாரமே அட்டையைத் திருத்தினாள். 'இரண்டு காதுகளையும் பார்க்கவும்.' நாற்பது பண்ணைகளுக்கும் தானே வேனில் போய் ஒட்டினாள். தம்பி தபாலில் அனுப்பலாமே என்றான். "இருப்புக் கொள்ளாதவளுக்குத் தபால் எதுக்கு, விடு" என்றாள் அம்மா. போன இடத்திலெல்லாம் ஆட்டின் காதைப் பிடித்து அரைநிலாக்களைப் பார்த்தாள். எங்கும் இடது காதுதான். வில்லை எண்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். எழுத எழுத அப்பாவின் குரல் கேட்கும், எந்தச் செக்கிங்குக்கு இது என்று. கேட்டதும் நோட்டை மூடிவிட்டு எழுந்து நடப்பாள்.

ஆறு வாரம் கழித்து, காலை நேரத்தில், அப்பாவின் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏம்மா, கீழ்ப் புல்வெளிக்காரி நல்லா இருக்கா. டாக்டர் மருந்தும் குடுத்தார். கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. தனியா மேய விட்டதுல திமிரு வேற ஏறிப்போச்சு, என்னையே முட்ட வருது."

"கறுமூக்கு?"

"அதைச் சொல்லத்தானே கூப்பிட்டேன். முந்தாநேத்து ரெண்டு போட்டிருக்கு."

அவள் எழுந்து நின்றாள். "பின்கால்?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான்னா? ரெண்டு காலும் ஊன்றுதா? இடுப்பு ஆடுதா? நேரா நடக்குதா?"

"உங்கப்பாவே தேவலைம்மா, இவ்வளவு கேக்க மாட்டார்."

குளிகை இல்லாவிட்டாலும் பத்தில் ஐந்து குட்டி நன்றாகவே பிறக்கும். ஒரு ஆட்டையும் இரண்டு குட்டியையும் வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. வேறு யாராவது அப்படி ஓர் அறிக்கை எழுதிக்கொண்டு வந்திருந்தால் அவள் திருப்பி அனுப்பியிருப்பாள். அவள் அதைச் சொல்லவில்லை.

"கொஞ்சம் ஓட விட்டுப் பாருங்க மாமா. நான் லைன்ல இருக்கேன்."

போனில் காற்று இரைந்தது. கை தட்டும் ஓசை, ஒரு அதட்டல், செருப்பு சரளையில் தேயும் சத்தம். அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தாள்.

"ஒண்ணு ஓடுதும்மா" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"இன்னொண்ணு?"

"இரு, இரு, தேடறேன். அது எனக்கு முன்னாடியே வேலிப் பக்கம் ஓடிப்போச்சு."